குளத்து மீனும் கிளைச் சங்கமும்

தோட்டத்துக் குளத்தில் மீன் பிடிப்பது ஒரு பொழுதுபோக்கு. அதைப் பற்றித் தொழிற்சங்கப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். சம்பளம், போனஸ், வீட்டு வசதி என்று எழுத வேண்டிய இடத்தில் தூண்டிலும் தக்கையுமா என்று நகைக்கவும் கூடும். நகைக்கட்டும். மாதக் கடைசி வாரத்தை எத்தனை வீடுகள் குளத்து மீனைக் கொண்டு தள்ளுகின்றன என்பது செக்ரோல் எழுதும் கிராணிக்குத் தெரியும்.

2025 பிப்ரவரி முதல் இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. காகிதத்தில் பார்க்க அது நல்ல தொகைதான். ஆனால் மழையில் மரம் நனைந்தால் வெட்டு இல்லை. ஆண்டின் தொடக்கத்தில் இலை உதிர்ந்தால் பாலும் குறைந்துவிடும். கடைச் சாமான் விலைக்கு மட்டும் இலையுதிர் காலம் வருவதேயில்லை! ஆகவே, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு மாலையில் மூங்கில் கழியோடு கரையில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளியை யாரும் சோம்பேறி என்று எண்ண வேண்டாம். கிராணி என்றால் நிர்வாகத்தின் ஆள் என்று நினைப்போரும் உண்டு. அவர்கள் ஒருநாள் என் வீட்டுச் சட்டியைத் திறந்து பார்க்கட்டும். அங்கும் அதே குளத்துக் கெளுத்திதான்.

நம் குளத்தில் என்ன இல்லை? மலாய்க்காரர்கள் ஹாருவான் என்று சொல்லும் விரால், சேற்றுக் கெளுத்தி, செப்பாட், தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்குப் போகும் புயூ, ஜப்பான்காரன் காலத்தில் ஜாவாவிலிருந்து வந்ததனால் ‘ஜப்பான் மீன்’ என்று பெயர் பெற்ற திலாப்பியா, இத்தனையும் உண்டு. பிள்ளை பெற்றவளுக்கும் அறுவை செய்துகொண்டவருக்கும் ஹாருவான் கொடுத்தால் புண் சீக்கிரம் ஆறும் என்று மலாய்க்காரரும் சீனரும் நம்மவரும் ஒருமித்து நம்புகிறார்கள். மூன்று இனமும் இப்படி ஒத்துப்போகும் விஷயங்கள் அதிகம் இல்லை.

இந்தக் குளத்தில்தான் இப்பொழுது பேட்டரி இறங்கியிருக்கிறது.

முதுகிலே பேட்டரிப் பெட்டி, கையிலே இரண்டு கம்பி, நெற்றியிலே விளக்கு, நள்ளிரவில் வருகிறார்கள். கரண்டு பாய்ந்ததும் மீன்கள் மயங்கி மல்லாந்து மிதக்கின்றன. பெரியதைப் பொறுக்கிக்கொள்கிறார்கள். முதுகெலும்பு முறிந்து அடியில் அமிழ்ந்ததும், கையளவு குஞ்சும் அவர்கள் கணக்கில் வருவதில்லை. தூண்டில்காரர் தமக்கு வேண்டிய இரண்டைப் பிடிக்கிறார். பேட்டரிக்காரர் அடுத்த ஆண்டு மீனையும் சேர்த்து அள்ளுகிறார்.

விராலின் குணத்தை அறிந்தவருக்கு இதன் கொடுமை விளங்கும். அது புல்லை ஒதுக்கி இடம் செய்து முட்டையிடும். முட்டை பொரிந்ததும் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாய் நீர்மட்டத்தில் திரியும். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். கூட்டத்தருகே எது வந்தாலும் பாய்ந்து தாக்கும். அந்த வேகத்தைப் பயன்படுத்திக்கொண்டு, குஞ்சுக் கூட்டத்தின் மேல் பொய்யிரை வீசித் தாய் மீனைப் பிடிக்கும் கெட்டிக்காரர்கள் தூண்டில்காரர்களிலும் இருக்கிறார்கள். காவல் போனால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரை. அதையும் நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தூண்டிலுக்குப் போவது ஒரு குடும்பம்; கரண்டுக்குப் போவது குளம் முழுவதும்.

இதைச் செய்வது யார்? “வங்காளதேசத்துக்காரன்தான்” என்று லயத்தில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நான் விசாரித்த வரையில் அந்தச் சகோதரர்கள் நம்மைப் போலவே நரம்பும் முள்ளும் மண்புழுவும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். பேட்டரி வாங்கியவர்கள் நம் லயத்துப் பிள்ளைகள். மீனை எடுப்பது பட்டணத்துச் சாப்பாட்டுக் கடை. பெயர் எழுதப்போவதில்லை, படிக்கும்போது அவர்களுக்கே தெரியும். ஒரே வேலைக்காட்டில் வியர்வை சிந்துகிறவர்களை மீன் விஷயத்திலும் பிரித்துப் பேசினால் லாபம் யாருக்கு?

நிர்வாகத்தையும் சும்மா விடுவதற்கில்லை. நம் நாட்டில் பாராகுவாட் மருந்துக்கு 2020 ஜனவரி முதல் முழுத் தடை வந்தது நல்ல காரியம். அதற்காக, இப்போது அடிக்கும் மற்ற களைக்கொல்லிகளெல்லாம் இளநீராகிவிடவில்லை. மருந்தடிக்கும் பெண்கள் வேலை முடிந்ததும் பம்பைக் கழுவுவது எங்கே? அதே குளத்தில். வேறு இடம் இருந்தால் அவர்கள் ஏன் குளத்துக்கு வருகிறார்கள்? வேலைக்காட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி வேண்டுமென்று கேட்டு மாதங்கள் பல ஆகிவிட்டன. “பார்க்கலாம்” என்பதே இதுவரை கிடைத்த பதில். கரை ஓரத்துப் புல்லுக்கும் மருந்து அடிக்கப்படுகிறது. விரால் முட்டையிடுவதே அந்தப் புல்லில்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. வெடி, நஞ்சு, மின்சாரம் கொண்டு மீன் பிடிப்பதை 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் குற்றம் என்கிறது. ஆனால் நம் குளத்துக்கு நள்ளிரவில் காவல் நிற்க எந்த இலாகா அதிகாரியும் வரப்போவதில்லை. நிர்வாகத்திடம் புகார் கொடுத்தால் என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும்: கரையைச் சுற்றிக் கம்பி வேலி, வாசலில் பூட்டு, ‘உள்ளே வரக்கூடாது’ என்று மூன்று மொழியில் பலகை. பேட்டரிக்காரன் வேலியைத் தாண்டிவிடுவான். பென்ஷன் இல்லாத கிழவர்தான் வெளியே நிற்பார்.

“தோட்டமே நாளை செம்பனையாக மாறலாம், வீட்டு மனையாகலாம், இருக்கும்போதே பிடித்துக்கொண்டால் என்ன?” என்று ஓர் இளைஞர் என்னிடம் வாதாடினார். அவர் சொல்வதை அலட்சியமாகத் தள்ள முடியாது. எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் அப்படித்தான் போயின. ஆயினும் தோட்டம் விற்கப்படுகிற நாளில் நாம் இழப்பீடும் வீடும் கேட்டு ஒன்றாக நிற்க வேண்டுமல்லவா? ஒரு குளத்தைக் கூடிக் காக்க முடியாதவர்கள் அன்றைக்கு எப்படிக் கூடுவார்கள்?

ஆகவே கிளைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். குளத்தில் தூண்டில் மட்டும். பேட்டரியோ தூபா வேரோ கொண்டுவருகிறவரைக் கிளை கூப்பிட்டுக் கேட்கும். குஞ்சுக் கூட்டம் தெரிகிற மூலையில் யாரும் முள் வீசக்கூடாது. இரவுக் காவலுக்கு வாரத்துக்கு இரண்டு பேர் முறைபோட்டு வந்தால் போதும். அதில் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சேர வேண்டும், அவர்களிடம் பேசியிருக்கிறேன், சம்மதம். நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை இரண்டு: வேலைக்காட்டில் தண்ணீர்த் தொட்டி, கரை ஓரத்தில் மருந்து படாத பத்தடிப் புல்.

கூட்டம் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு, காலை பத்து மணிக்கு. பேட்டரி வைத்திருக்கும் தம்பிகளும் தவறாமல் வரவேண்டும். அவர்களுக்கும் சந்தா ரசீது எழுதிக் கொடுத்தவன் நான்தான். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் பேசக் கிளையில் இடம் உண்டு.