விருச்சிக ராசியின் யோக்கியதை

தளவாய்புரத்திலும் அதைச் சுற்றியுள்ள சேத்தூர், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் முதலிய ஊர்களிலும் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் பேசுவதென்றால், பெண்ணைப் பார்ப்பதற்கு முன் அவளது ஜாதகத்தைப் பார்ப்பது என்பது இன்றும் நம் மக்களிடம் வழக்கமாயிருந்து வருகின்றது. பெண் நாளெல்லாம் தையல் மெஷினில் உட்கார்ந்து நைட்டி தைத்துக் குடும்பத்தைத் தாங்குகிறவளாயிருக்கலாம், படித்தவளாயிருக்கலாம், குணசாலியாயிருக்கலாம். ஆனால் அவள் விருச்சிக ராசி, கேட்டை நட்சத்திரம் என்று ஜோசியர் சொல்லிவிட்டால் போதும். "புருஷனுடைய அண்ணனுக்கு ஆகாது" என்று சொல்லி மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுகிறார்கள். ஆகவே இந்த விருச்சிகம் என்பது என்ன, அது எங்கிருந்து வந்தது, ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுக்க அதற்கு என்ன யோக்கியதை இருக்கின்றது என்பதைப் பற்றி இவ்வாரம் சற்று யோசிக்க விரும்புகின்றோம்.

விருச்சிகம் என்றால் தேள். இதற்குமேல் அந்த வார்த்தைக்கு ஒரு ரகசிய அர்த்தமும் கிடையாது. வானத்தில் சில நட்சத்திரங்கள் தேள் வளைந்து கிடப்பது போல் கண்ணுக்குத் தோன்றுவதால், பாபிலோன் தேசத்தார் கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதற்குத் தேள் என்று பெயர் வைத்தார்கள். சூரியன் செல்லும் பாதையைப் பன்னிரண்டு சமபங்காகப் போட்டவர்களும் அவர்களே. அவர்களிடமிருந்து கிரேக்கர்கள் அதைப் பெற்றுக்கொண்டு, தங்கள் வழக்கப்படி ஒரு புராணத்தையும் கட்டிவிட்டார்கள்.

அப்புராணம் என்னவென்றால், ஓரியன் என்ற வேட்டைக்காரன் "உலகத்திலுள்ள மிருகங்களையெல்லாம் கொன்றுவிடுவேன்" என்று கர்வம் பேசினானாம். பூமாதேவி கோபங்கொண்டு ஒரு தேளை ஏவி அவனைக் கொட்டிக் கொல்லச் செய்தாளாம். பிறகு இருவரையும் வானத்தில் வைத்தார்களாம். தேள் உதிக்கும் சமயம் ஓரியன் மறைவது, அதைக் கண்டு பயந்து ஓடுவதாலாம்! இரண்டும் வானத்தில் எதிர்எதிர்ப் பக்கத்தில் இருப்பதால் ஒன்று எழும்போது மற்றொன்று சாய்கின்றது என்பதைத் தவிர இதில் வேறு சங்கதி இல்லை. அதே நட்சத்திரங்களைச் சீனர்கள் நாகத்தின் பாகமென்றார்கள். ஹவாய்த் தீவினர் தூண்டில் முள் என்றார்கள். தூண்டில் முள்ளின் கீழ் பிறந்த பெண் யாருக்கு ஆகாது என்று நமது ஜோசியர்கள் சொல்லுவார்களா?

"இது நம் ரிஷிகள் ஞானதிருஷ்டியால் கண்டது" என்று சிலர் சொல்லுவார்கள். அப்படியானால், 6-ம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகஜ்ஜாதகத்தில் விருச்சிகத்துக்குக் 'கௌர்ப்பியம்' என்ற பெயர் ஏன் வந்தது? அது கிரேக்கரின் 'ஸ்கார்ப்பியோஸ்' என்ற சொல்லின் திரிபேயாகும். ரிஷபத்துக்கு அவர் சொல்லும் 'தாவுரி'யும் கிரேக்கரின் 'தௌரோஸ்' என்பதுதான். வேதாங்க ஜோதிஷத்தில் நட்சத்திரங்கள் உண்டே தவிர இப்பன்னிரண்டு ராசிகள் இல்லை. யவனரிடம் கடன் வாங்கியதில் குற்றமில்லை. கடன் வாங்கிய சரக்கைக் கடவுள் வாக்கு என்று விற்பதுதான் புரட்டு.

இனி, பெண்களுக்கு ஆகாது என்று சொல்லப்படும் நட்சத்திரங்கள் எவை என்று பாருங்கள். ஆயில்யம் மாமியாருக்கும், மூலம் மாமனாருக்கும், விசாகம் கொழுந்தனுக்கும், கேட்டை மூத்த மைத்துனனுக்கும் ஆகாதாம். இவற்றில் விசாகம் பூர்வத்தில் தேளின் கொடுக்கிடுக்கியாகக் கருதப்பட்ட இடம். கேட்டை தேளின் இருதயம். மூலம் தேளின் வால். ஆயில்யமோ பாம்புக்குரிய நட்சத்திரம். ஆக, விஷ ஜந்துக்களின் மேலுள்ள பயத்தை வானத்தில் ஏற்றி, அங்கிருந்து பெண்களின் தலையில் இறக்கியிருக்கிறார்கள் என்றே நமக்குத் தோன்றுகின்றது. மேலும், தேளின் வாலாகிய மூலத்தை ஜோசியர்கள் தனுசு ராசியில் சேர்த்திருக்கிறார்கள். கொட்டுகிற வாலே இல்லாத தேளைக் காட்டித்தான் நம்மைப் பயமுறுத்துகிறார்கள்!

கேட்டை என்பது 'ஜேஷ்டா' என்ற வடசொல்லின் திரிபு. மூத்தது என்று பொருள். மூத்தது என்ற பெயர் இருப்பதால் மூத்தவனுக்கு ஆகாது என்பது எவ்வளவு பெரிய சாஸ்திரம்! அதே நாழிகையில் அதே ஊரில் பிறந்த ஆணுக்கு இந்தத் தோஷம் இல்லையாம். நட்சத்திரத்துக்கு ஆண் பெண் தெரியுமா என்று கேட்கின்றோம். இருபத்தேழு நட்சத்திரங்களில் நான்கைத் தள்ளினால், ஏறக்குறைய ஏழு பெண்களில் ஒருத்தி பிறக்கும்போதே குற்றவாளியாகிறாள்.

ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் தோழர்கள், இரவு எட்டு மணி சுமாருக்கு மேகமில்லாதிருந்தால் தெற்கே அண்ணாந்து பார்க்கட்டும். சிவப்பாய் மினுக்கும் ஒரு நட்சத்திரம் தெரியும். அதுதான் கேட்டை. அது சூரியனைப்போல் பல நூறு மடங்கு குறுக்களவுள்ள நெருப்புக்கோளம். இன்று நாம் காணும் அதன் வெளிச்சம் சுமார் 550 வருஷங்களுக்கு முன், அதாவது மதுரையில் நாயக்கர் ஆட்சி ஏற்படுமுன்பே புறப்பட்டது. அதற்குத் தளவாய்புரத்துப் பெண்ணையும் தெரியாது, அவளுக்கு வரப்போகும் மூத்த மைத்துனனையும் தெரியாது.

இந்த ஜில்லாவுக்கு இது புது விஷயமல்ல. 1928-ம் வருஷத்திலேயே அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1967-ல் அண்ணாதுரை அவர்கள் மந்திரிசபை அத்திருமணங்களுக்குச் சட்டபலமும் தேடிக்கொடுத்தது. மணமக்களின் சம்மதத்தையும் வயதையும் கேட்கின்ற அச்சட்டம் ராசியைக் கேட்பதில்லை.

ஆதலால் பெற்றோர்களே! மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் உண்டா, உழைப்பாளியா, உடம்பு சுகமா என்று விசாரியுங்கள். எல்லாவற்றிற்கும் முதலில் பெண்ணின் சம்மதத்தைக் கேளுங்கள். வாலிபத் தோழர்களே! பெண் பார்க்கப் போகும் வீட்டில் "ஜாதகம் வேண்டாம்" என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை நூறு பொதுக்கூட்டங்களுக்குச் சமானம் என்று தெரிவித்துக் கொள்ளுகின்றோம்.