ஸ்க்ரூடிரைவர் யார் கையில்?

எங்க பள்ளி ரோபோ குழுவுல பொண்ணுங்களும் இருந்தாங்க. என்ன வேலை? சார்ட் ஒட்டுறது, நடுவர்கிட்ட பேசுறது. மோட்டார் மாட்டுறது, புரோகிராம் எழுதுறது எல்லாம் பசங்க. கேட்டா, "அவங்களுக்கு ஆர்வமில்லை சார்!" நானும் அப்படிச் சொன்னவன்தான். தொடவே விடாம ஆர்வம் எங்கேருந்து வரும்?

2017-ல் வாஷிங்டனில் நடந்த உலக ரோபோ போட்டிக்கு ஆப்கானிஸ்தானின் ஹெராத்திலிருந்து ஆறு மாணவிகள் கிளம்பினாங்க. அமெரிக்க விசா இரண்டு முறை மறுக்கப்பட்டுச்சு. விடாம போய், துணிச்சலுக்கான வெள்ளிப் பதக்கத்தோட திரும்பினாங்க. இதுக்குப் பேர் ஆர்வமில்லையா?

நான் படிக்கிறது பி.காம். பேரை மட்டும் சேர்த்துட்டு வேலையைத் தராதது எங்க பாஷையில் பொய்க்கணக்கு! ஆசிரியர்களே, "பெண்களே வாருங்கள்"னு போஸ்டர் ஒட்டினது போதும். நாளைக்கே ஸ்க்ரூடிரைவரை அவங்க கையில் கொடுங்க. சார்ட்டைப் பசங்க ஒட்டட்டும்.