பெயர் நிலைத்தது, எலும்பு நிலைக்கவில்லை

உயிரினங்களுக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டுவதை வெறும் சம்பிரதாயமெனப் பலர் கருதுகின்றனர். அது சரியன்று. விஞ்ஞானப் பெயர் ஒவ்வொன்றும் ஒரு மூல மாதிரியைப் பற்றி நிற்பது. மாதிரி அழியுமாயின், பெயர் கொழுகொம்பற்ற கொடியாகிவிடும். இதற்கு உதாரணம் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை.

அரியலூர்ப் பகுதியிலுள்ள கல்லமேட்டில், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட படிவுகளில், மிகப் பெரிய எலும்புகள் சில கிடைத்தன. அவற்றுள் ஒரு கீழ்க்கால் எலும்பின் நீளம் சுமார் 2 மீட்டர். யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு புவியியலாளர் 1987-ல் அவ்விலங்கிற்குப் 'பிருகத்காயோசாரஸ் மாட்லியி' எனப் பெயரிட்டனர். பிருகத்காயம் என்பது பேருடல். சாரஸ் என்னும் கிரேக்கச் சொல் பல்லியைக் குறிக்கும். பிற்பகுதி, அவ்வட்டார டைனோசார்களைப் பற்றி 1929-ல் எழுதிய மாட்லியின் நினைவாகும். முதலில் அது ஊனுண்ணி எனக் கருதப்பட்டது. பின்னர் நீண்ட கழுத்துடைய தாவர உண்ணிகளின் இனத்தில் சேர்க்கப்பட்டது. 2023-ல் வெளியான ஒரு மதிப்பீடு அதன் எடை 110 முதல் 130 டன் வரை இருக்கலாம் என்கிறது.

ஆயினும் அந்த எலும்புகள் இன்று இல்லை. எளிதில் நொறுங்கும் தன்மையினவாகிய அவை சிதைந்து போயின என்பது 2017-ல் தெரிவிக்கப்பட்டது. அவை கல்லாய்ப்போன மரத்துண்டுகளோ என்ற ஐயமும் எழுந்தது. 2022-ல் பழைய புகைப்படங்கள் வெளியான பின்னரே, எலும்பு என்னும் கருத்து வலுப்பெற்றது.

மட்டாஞ்சேரியை அடுத்த கொச்சிக் கோட்டை இவ்விஷயத்தில் வேறொரு பாடம் தருகிறது. டச்சுக் கம்பெனியின் மலையாளப் பகுதித் தலைவராயிருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் என்னும் வைத்தியரும் கொங்கணி வைத்தியர் மூவரும் துணைபுரியத் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்', 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அச்செடிகளின் உலர்மாதிரிகளை நாம் காண இயலாது. ஆனால் செம்மையாய் வரையப்பட்ட படங்கள் உள்ளன. லின்னேயஸ் பிற்காலத்தில் சூட்டிய பெயர்கள் பலவற்றிற்கு அப்படங்களே மூலச்சான்றாக விளங்குகின்றன.

ஆதலின், களப்பணியாளர் புதைபடிவத்தை அசைப்பதற்கு முன்னரே அளவுகோலுடன் பல கோணங்களில் படமெடுத்து, இடம், படிவு, நாள் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். நொறுங்கும் எலும்பைப் பசையூட்டி உறுதிப்படுத்தி, சாந்துக் கட்டிட்ட பின்னரே பெயர்த்தெடுத்தல் வேண்டும். மழைக்காலம் நெருங்கும்போது இதில் தாமதம் கூடாது.

ஆசிரியர்களோ, 'உலகிலேயே பெரிய விலங்கு நம்முடையது' என்று முழங்குவதைவிட, சான்று எவ்வளவு, ஐயம் எவ்வளவு என்பதை மாணவர்க்கு எடுத்துரைப்பதே நன்று. பெருமை அளவில் இல்லை. சான்றைப் பேணுவதில் இருக்கிறது என்பதே எமது கருத்து.