கேக்குக்கு ஆள் உண்டு, கரண்ட் பில்லுக்கு?

வடசென்னையில் தெருக்குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றின் முன்னறையில் கரும்பலகை மாட்டியிருந்தார்கள். காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டு, உபயதாரர் பெயரையும் விசேஷத்தையும் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள்: பிறந்தநாள், திருமண நாள், முதலாண்டு நினைவு நாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. மதியம் பிரியாணி சாப்பிட்ட கை உலர்வதற்குள் அடுத்த குடும்பம் கேக்கோடு வந்து இறங்கியது. பிள்ளைகள் சொல்லாமலே வரிசையில் நின்று, முன்பின் பார்த்திராத ஒரு குழந்தைக்காகக் கைதட்டிப் பாடினார்கள். எல்லோர் கையிலும் செல்போன் உயர்ந்தது.

“வேணாம்னு சொல்ல முடியாது சார். அவங்க மனசு நொந்துட்டா அடுத்த மாசம் அரிசி வராது” என்றார் வார்டன்.

வருகிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்களுடைய பணம் காலண்டரைப் பார்த்து வருகிறது. சமையல்காரம்மாவின் சம்பளம், கரண்ட் பில், ராத்திரி காய்ச்சல் வந்தால் ஆட்டோ, கணக்குப் பாடத்துக்கு ஒரு டியூஷன் வாத்தியார் என்று இல்லம் நடக்கத் தேவையானவை எதற்கும் உபயதாரர் கிடைப்பதில்லை.

அந்தப் படங்கள் வேறு. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் படத்தையோ அடையாளத்தையோ வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆவது பிரிவில் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதைத் தெரிந்துகொண்டு யாரும் ஸ்டேட்டஸ் வைப்பதாகத் தெரியவில்லை.

தெருக்குழந்தை என்றாலே அநாதை என்று முடிவுகட்டிவிடுகிறோம். நடைபாதையில் பூ விற்கும் அம்மா இருப்பாள். குடித்துவிட்டு அடிக்கும் அப்பாவுக்குப் பயந்து ரயிலேறி, சென்ட்ரலில் வந்து இறங்கிய பையன் இருப்பான். மீட்கப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். பெற்றவர்களிடமே பிள்ளை வளர, ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு வழியிருக்கிறது. அந்தப் பூக்காரம்மாவுக்கு அதை எடுத்துச்சொல்லி, விண்ணப்பம் எழுதிக்கொடுக்க ஆளில்லை. நம் தர்மமெல்லாம் கட்டடத்தைத் தேடியே போகிறது. பிள்ளைகளின் தலையை எண்ணிப் பணம் வரும் இடத்தில், பிள்ளையைத் திருப்பி அனுப்ப யாருக்கு மனம் வரும்? தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் நடந்த சுரண்டல் தொடர்பான வழக்கில், எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் உத்தரவிட வேண்டியிருந்தது சும்மா இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. எல்லோருக்கும் சின்னப் பிள்ளைகளைத்தான் பிடிக்கிறது. மீசை அரும்பியவனிடம் யாரும் மிட்டாய் நீட்டுவதில்லை. 18 வயது முடிந்ததும் அவன் வெளியேற வேண்டும். 21 வயது வரை பின்பராமரிப்புக்குச் சட்டத்தில் இடமிருந்தாலும், ஓர் அறைக்கு அட்வான்ஸ் கொடுக்கவும், வேலைக்குச் சிபாரிசு செய்யவும் அவனுக்குச் சித்தப்பா, மாமா என்று எவரும் இல்லை. உங்களுக்கு ஒரு லேத் பட்டறையோ கடையோ இருந்தால், ஒருவேளைச் சாப்பாட்டைவிட அதில் ஒரு வேலை பெரிய உபயம்.

போவதற்கு முன் போன் செய்து, இந்த மாதம் என்ன பாக்கி நிற்கிறது என்று கேளுங்கள். போனதும் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் இல்லத்துக்கு ஒரு பைசாவும் கொடுக்க வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098க்குத் தகவல் சொல்லுங்கள்.