டிஃபென்ஸ் ஆடுறவருக்கு யார் சம்பளம் தர்றது?

வாசுதேவன் பாஸ்கரன்னு சொன்னா நம்ம காலேஜ்ல எத்தனை பேருக்குத் தெரியும்? ஆரணியில் பிறந்து, சென்னை லயோலாவில் படிச்சவர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ல தங்கம் ஜெயிச்ச இந்திய ஹாக்கி அணியோட கேப்டன். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஹாக்கியில நமக்கு ஒலிம்பிக் தங்கம் கிடையாது.

அவர் ஆடினது லெஃப்ட் ஹாஃப். எதிரணி விங்கரை மடக்கி, பந்தைப் பறிச்சு, முன்னாடி இருக்கிறவருக்குத் தள்ளிவிடணும். நம்ம பக்கத்து ஃபேக்டரிகள்ல குவாலிட்டி செக்ஷன்ல நிக்கிறவங்க மாதிரின்னு வெச்சுக்கங்க. ரிஜெக்ஷன் வந்தாத்தான் அவங்க பேரே ஞாபகம் வரும்.

1973 உலகக் கோப்பை ஃபைனல்ல நெதர்லாந்துகிட்ட பெனால்டி ஸ்ட்ரோக்ல தோத்து வெள்ளி வாங்கின அணியில இருந்தார். 1975ல இந்தியா கோப்பையை ஜெயிச்சப்போ அணியில இல்ல. 1976 மான்ட்ரியல்ல ஒலிம்பிக் ஹாக்கி முதல்முறையா செயற்கைத் தரைக்கு மாறுச்சு. புல்லுல பந்து தயங்கித் தயங்கி வரும், தடுக்கிறவருக்கு யோசிக்க அரை நொடி கிடைக்கும். புதுத் தரையில அந்த அரை நொடியும் போச்சு. இந்தியாவுக்கு ஏழாவது இடம். இருபத்தஞ்சு வயசுக்கு மேல, கத்துக்கிட்ட கால் வேலையைத் திரும்ப முதல்ல இருந்து கத்துக்கணும். நாலு வருஷம் கழிச்சுத்தான் மாஸ்கோ. பாய்காட்டால ஆறே டீம், அதனால ஈஸி தங்கம்னு சிலர் சொல்வாங்க. டான்சானியாவை 18-0ன்னு அடிச்சதுக்கு வேணா அது பொருந்தும். 3-0ல இருந்து 4-3 வரைக்கும் ஸ்பெயின் துரத்தின ஃபைனலை ஈஸின்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

கவனிங்க, 23 வயசுல வெள்ளி, 29 வயசுல தங்கம். ஃபார்வர்டு பத்தொன்பது வயசுலயே மின்னிடலாம். டிஃபென்ஸ் பழுக்க வருஷம் ஆகும். அந்த வருஷங்கள்ல வீட்டு வாடகைய யார் கட்டுறது? சென்னை ஹாக்கியில ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி. மாதிரி இடங்கள் வேலையும் கொடுத்து டீமும் நடத்தினதாலதான் பல பேர் முப்பது வயசு வரைக்கும் ஸ்டிக்கைக் கீழ வைக்கல.

இப்ப நம்ம ரோட்டுக்கு வாங்க. இருங்காட்டுக்கோட்டையில 1998லயே கார் ஓடி வர ஆரம்பிச்சாச்சு, ஒரகடத்துல 2010ல இருந்து. ஆனா ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து ஒரகடம் வரைக்கும் தினமும் பஸ்ல போறேன், கம்பெனி பேர் போட்ட ஒரு ஹாக்கி ஜெர்சி கண்ணுல பட்டதில்ல. ஆள் பஞ்சமும் கிடையாது. கோவில்பட்டி இருக்கு. 2023ல எழும்பூர்ல ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஜெயிச்ச அணியில அரியலூர் கார்த்தி இருந்தார்.

இன்டர்ன்ஷிப்ல என்கூட லைன்ல நின்ன ஒரு டிப்ளமோ டிரெயினி அண்ணன், ஜில்லா டீமுக்கு ஃபுல்-பேக் ஆடினவர். வாரம் ஒரு ஷிஃப்ட். எந்த நேரம் தூங்குறதுன்னே தெரியல, இதுல பிராக்டிஸ் எங்க போறது தம்பின்னு சிரிச்சார். கான்ட்ராக்ட் முடிஞ்சா ஊருக்குப் பஸ் ஏறிடுவார்.

சி.எஸ்.ஆர்.ல ஸ்கூல் பசங்களுக்கு ஸ்டிக்கும் ஜெர்சியும் தர்றாங்களேன்னு கேட்பீங்க. நல்லதுதான், ஆனா அது பதினெட்டு வயசோட நின்னுடுது. நான் கேக்கிறது வேற: கம்பெனிக்குப் பத்து ஹாக்கி ஆட்கள், நிரந்தர வேலை, நிலையா ஜெனரல் ஷிஃப்ட், சாயங்காலம் நாலு மணிக்கு ரிலீஸ். எழும்பூர் வரைக்கும் ஓடாம இருக்க, சிப்காட் பொதுவுல ஒரு டர்ஃப். ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கிற இடத்துல பத்து பேர் பெரிய செலவா? அடுத்த மாசம் பிளேஸ்மென்ட் டாக்ல "எனி கொஸ்டின்ஸ்?"னு எச்.ஆர். கேட்பாங்க இல்ல, அப்ப நான் கை தூக்கப் போறேன். நீங்களும் தூக்குங்க.