கழிப்பறைக் கறையும் தேய்க்கும் கைகளும்

பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சுற்றுலா வரும் பள்ளிப் பிள்ளைகளை அங்குள்ள கருந்தரை நிறுத்திவிடுகிறது. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்ட தரை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். இன்றும் பளபளக்கிறது. அதை நாள்தோறும் துடைத்த கைகள் யாருடையவை என்று பிள்ளைகள் கேட்பதில்லை. நாமும் கேட்கச் சொல்லித் தந்ததில்லை. அதே பிள்ளைகள் ஊர் திரும்பினால் பள்ளிக் கழிப்பறையில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை. அந்தக் கறையைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டியிருக்கிறது.

கக்கூஸ் கறைக்கும் இந்தப் பத்திக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். 'போகாத கறை' என்று சொன்னதும் நம் ஊரில் நடப்பது இரண்டு: ஒரு பாட்டில் ஆசிட் வாங்குவார்கள், அதை ஊற்றித் தேய்க்க ஓர் ஆளைக் கூப்பிடுவார்கள். அந்த ஆள் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்பது கூப்பிடுகிறவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

முதலில் கறையைப் புரிந்துகொள்வோம். வெள்ளைப் பீங்கானில் படிவது பெரும்பாலும் மூன்று வகை. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியம், மக்னீசியம் படிந்து உண்டாகும் வெள்ளைப் படலம் ஒன்று. அதன்மேல் சிறுநீர் உப்பு ஏறினால் மஞ்சளாகக் கெட்டிப்படும். இரண்டாவது, இரும்புக் கறை. வெட்டுக்கல் மண் உள்ள இடங்களில் கிணற்று நீரில் இரும்பு கலந்திருப்பது உண்டு. குழாய் சொட்டிக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் செம்பழுப்புக் கோடு விழும். மூன்றாவது, ஈரத்தில் வளரும் பாசியும் பூஞ்சையும்.

முதல் இரண்டுக்கும் வினிகரோ, கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத் தூளைக் கரைத்த நீரோ போதும். கோப்பையில் நிற்கும் தண்ணீரை வெளியேற்றி, பழைய துணியை அந்தக் கரைசலில் நனைத்துக் கறைமேல் போர்த்தி, இரவு முழுக்க விட வேண்டும். காலையில் நீண்ட பிடியுள்ள பிரஷால் தேய்த்தால் இளகி வரும். பழைய கறை என்றால் இரண்டு மூன்று இரவு ஆகும். பாசிக்கு மட்டும் பிளீச்சிங் பவுடர். இரும்புக் கறைக்கு அதைப் போட்டால் கறை இன்னும் ஆழமாகும். பளபளக்கும் குழாய்களிலும் மொசைக் தரையிலும் ஆசிட் பட்டால் பூச்சும் தரையும் அரிக்கும்.

இந்த வேலைக்குத் தேவை கொஞ்சம் தூள், கொஞ்சம் தண்ணீர், ஓர் இரவு. ஆசிட்டோ ஐந்து நிமிடத்தில் காட்டிவிடும். மாதக்கணக்கில் யாரும் பார்க்காத கழிப்பறையை அதிகாரி வரும் நாளன்று வெள்ளையாக்க வேண்டும் என்றால் ஆசிட்தான் வழி. நாம் மிச்சப்படுத்தும் நேரத்துக்கான விலையை இன்னொருவருடைய நுரையீரலும் விரல்களும் கொடுக்கின்றன.

ஒரு ஆபத்தை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட்டை ஊற்றினால் குளோரின் வாயு வரும். 1915இல் முதல் உலகப் போரின்போது பெல்ஜியத்தில் படைவீரர்கள்மீது ஏவப்பட்ட அதே வாயு. ஜன்னல் இல்லாத சிறிய கழிப்பறையில் குனிந்து தேய்ப்பவருக்கு இதை யாராவது சொல்லியிருக்கிறோமா? இரண்டையும் ஒரே வாளியில் கொடுத்து அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பெரியவர்களோடு இது நிற்கவில்லை. 2022இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகப் புகார் எழுந்தது. ஒரு சிறுவனுக்கு டெங்கு வந்த பிறகுதான் விஷயம் அவன் தாய்க்குத் தெரிந்தது. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியதாகப் பிள்ளை சொன்னான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி, தலைமை ஆசிரியர் கைது செய்யப்பட்டார். வகுப்பில் எத்தனையோ பிள்ளைகள் இருக்க, அந்தப் பிள்ளைகளிடம் மட்டும் ஏன் வாளி போனது என்பதுதான் அங்கே கேள்வி.

சிறையிலும் இதுவே விதி. எந்தச் சாதிக் கைதி சமைக்க வேண்டும், எந்தச் சாதிக் கைதி கழிவறை சுத்தம் செய்ய வேண்டும் என்று பல மாநிலங்களின் சிறைக் கையேடுகளிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அத்தகைய விதிகளை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நாடு விடுதலை பெற்று 77 ஆண்டு கழித்து வந்த தீர்ப்பு அது.

சட்டத்தில் ஒரு சந்து இருப்பதையும் பார்க்க வேண்டும். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் உலர் கழிப்பிடத்தையும் சாக்கடையையும் மலக்குழியையும் குறிவைக்கிறது. குழியில் இறப்போரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. நல்லது. ஆனால் தண்ணீர் ஊற்றும் கழிப்பறையைக் கையுறை இல்லாமல் ஆசிட் ஊற்றித் தேய்ப்பவர் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. பேருந்து நிலையத்திலும் பள்ளியிலும் கல்யாண மண்டபத்திலும் இருப்பவர் அவர்தான். பெரும்பாலும் ஒப்பந்தக் கூலி. அவர் இருமினால் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. 2020இல் 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று அரசு மாற்றியது. பெயரோடு பிரஷும் கையுறையும் முறையான சம்பளமும் எல்லோருக்கும் வந்து சேர்ந்தனவா?

இந்தியாவில் ஒருவர் செய்யும் வேலையைப் பார்த்து அவரைத் தோட்டி என்பதில்லை, பிறப்பைப் பார்த்தே சொல்கிறார்கள் என்று அம்பேத்கர் விளக்கினார். நம் மண் அன்று திருவிதாங்கூரோடு இருந்தது. 1936 நவம்பர் 12இல் இங்கே கோயில் கதவு இந்துக்கள் எல்லோருக்கும் திறந்தது. கழிப்பறைக் கதவுக்குள் வாளியோடு யார் போவது என்பதை மட்டும் இன்றும் பிறப்பே முடிவு செய்கிறது.

ஆகவே நம் வேண்டுகோள் எளியது. அடுத்த கிராம சபைக்குப் போகும்போது பள்ளிக் கழிப்பறையைப் பற்றி நான்கு கேள்விகளை எழுதிக் கொண்டு போங்கள். தினமும் கழுவத் தண்ணீர் வருகிறதா? கழுவுகிறவருக்கு ரப்பர் கையுறையும் பூட்ஸும் நீண்ட பிரஷும் தந்தது யார், எப்போது? அவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, தேதிக்கு வருகிறதா? ஆசிட் வாங்கிய கணக்கு உண்டா? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும்.

மாணவர்களே, எல்லோரும் முறைவைத்துத் தங்கள் வகுப்பறையைக் கூட்டுவது வேறு. சாதி பார்த்து ஒரு சிலரைக் கக்கூஸுக்கு அனுப்புவது குற்றம். அப்படி நடந்தால் வீட்டில் சொல்லுங்கள். சிறுவர் உதவி எண் 1098. வன்கொடுமை தொடர்பான புகாருக்கு 14566.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. இன்றிரவே நம் கழிப்பறையில் நனைத்த துணியை நாமே போர்த்தி வைப்போம். காலையில் நாமே தேய்ப்போம். மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து நிற்கும் அந்தப் பத்து நிமிடம், அடுத்த முறை ஆள் கூப்பிடும்போது என்ன கூலி சொல்ல வேண்டும், கையில் என்ன கொடுத்து அனுப்ப வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுக்கும்.