பதினைந்து பேருக்குக் கீழே

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் நம்மில் சிலர் வேலை தேடுவோம். துறைமுகத்தை அண்டிய நம் நகரில் கணினியும் கையடக்கத் தொலைபேசியும் திருத்தும் கடைகள் பல. கணக்கெழுதவோ தொழில் பழகவோ அங்கே சேரலாம். நல்லதுதான். ஆனால் அந்தக் கடை நட்டப்பட்டு மூடினால் நம் கதி என்ன?

தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர் 1இல் நின்றுபோனது. வரி வழக்கில் சிக்கியதால், நோக்கியாவின் கைபேசிப் பிரிவை வாங்கிய மைக்ரோசொப்ட் அதைப் பொறுப்பேற்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அவர்களுள் பலர் இளம் பெண்கள். அவர்களுக்காகத் தொழிற்சங்கம் பேசியது, பத்திரிகைகள் எழுதின. ஐந்து பேர் வேலை செய்த கடை மூடப்பட்டால் யார் பேசுவார்?

நம் நாட்டுச் சட்டமும் இங்கே தலைகளை எண்ணுகிறது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, தொழிலாளியின் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி அவரை வேலையிலிருந்து நிறுத்த முடியாது. ஆனால் 15 பேருக்குக் குறைந்த இடங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. சம்பளம் நின்ற வீட்டில் கஷ்டம் ஒன்றுதானே! இந்த வரம்பைக் குறைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஒரே ஒருவரை வேலைக்கு வைத்தாலும் முதலாளி ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும்: நம் சம்பளத்தில் 8 வீதம், அவர் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர் மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். கடை மூடினாலும், கட்டிய பணத்தில் கடன்காரர் கைவைக்க முடியாது. கட்டாமல் விட்டிருந்தால், தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

ஆகவே சகோதரிகளே, வேலையில் சேரும் நாளிலேயே நியமனக் கடிதத்தையும் சேமலாப நிதி இலக்கத்தையும் கேளுங்கள். "தெரிந்த ஆள்தானே, கேட்டால் என்ன நினைப்பார்?" என்று கூச்சப்படாதீர்கள். உழைத்தவரின் கூலியைத் தாமதிக்காமல் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கொடுப்பது கடமையென்றால், கேட்பது மரியாதைக் குறைவாகாது.